கட்சி கரைந்தது... கம்பம் கைவிடவில்லை! யார் இந்த பி.டி.ராஜன்?

‘பி.டி.ஆர். கால்வாயில் தண்ணீர் திறப்பு’ - தேனிக்காரர்கள் அடிக்கடி படிக்கும் செய்தி. யார் அந்த பி.டி.ஆர்.?

1892-ல் உத்தமபாளையத்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்த பி.டி.ராஜன்தான் அவர். நீதிக்கட்சித் தலைவர். 1936-ல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். 1937 தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்தது. 1944-ல் பெரியார் அதைத் திராவிடர் கழகமாக மாற்றியபோதும், ராஜன் பழைய கட்சியை விடவில்லை.

1952 சட்டமன்றத் தேர்தலில் நீதிக்கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம்... கம்பம். ஜெயித்தவர் ராஜன்!

பக்தியிலும் குறைவில்லை. 1950 தீ விபத்துக்குப் பிறகு சபரிமலைக்குப் புதிய ஐயப்பன் சிலை சென்றதில் அவர் பங்கு பெரிது.

1996-ல் அவர் மகன் பி.டி.ஆர்.பழனிவேல்ராஜன் சபாநாயகர் ஆனார். அப்பாவின் பெயரில் இன்றும் கால்வாய் ஓடுகிறது!