இரைச்சலுக்குள் ஒரு சுருதி



ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் குடியிருக்கும் நமக்குச் சத்தத்திற்குப் பஞ்சமே இல்லை. புதுக் கார்களைச் சுமந்து செல்லும் டிரெய்லர் லாரிகள், ஷிப்டு மாறும் வேளையில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்கள், ஒரகடம் கூட்டுரோட்டில் ஓயாத ஹாரன். இவை அனைத்தையும் 'இரைச்சல்' என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம். பாட்டுக் கற்றவளுக்கோ அது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

இசைப் பயிற்சி காதைப் பெரிதாக்குவதில்லை. எல்லோருடைய செவிப்பறையிலும் ஒரே ஒலிதான் மோதுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சரளிவரிசை பாடிச் சுருதியோடு சேர்ந்து பழகியவள், கேட்கும் ஒலியை உடனே ஒரு ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கிறாள். அறிந்த முகம் கூட்டத்திலும் கண்ணில் படுமல்லவா, அதுபோல.

தெருமுனையிலுள்ள டிரான்ஸ்பார்மரையே எடுத்துக்கொள்வோம். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் எழும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். கூடவே 200, 300, 400 என அதன் மடங்குகளும் ஒலிக்கும். 100-ஐ ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் 200 மேல் ஷட்ஜம், 300 அதற்கும் மேலுள்ள பஞ்சமம். தம்புராவில் நாம் கேட்கும் அதே உறவு! ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். ஆகவே அவளுக்கு டிரான்ஸ்பார்மர், சற்றே சுருதி ஏறிய தம்புரா. (அதனருகே நின்று சாதகம் செய்யும்படி நான் சொல்லவில்லை!)

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் லாரி நம்மைக் கடக்கும்போது, அதன் ஹாரன் ஏறக்குறைய சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்திற்கு இறங்கும். 1842-ல் டாப்ளர் கூறிய விளைவு இது. 1845-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலட் இதைச் சோதிக்க முனைந்தபோது, அவர் நம்பியது பயிற்சி பெற்ற காதுகளைத்தான். ஓடும் ரயிலில் கொம்பு ஊதுபவர்களை ஏற்றினார். இருப்புப்பாதையோரம் இசைக் கலைஞர்களை நிறுத்தி, ஸ்வரம் எவ்வளவு மாறுகிறதென்று குறிக்கச் சொன்னார். டாப்ளர் கூறியது சரியென்று தெரிந்தது.

பாட்டு மட்டுமே காதைப் பழக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பிரஸ் ஷாப்பில் பல ஆண்டுகள் உழைத்த என் பெரியப்பாவுக்கு ஸ்வரம் ஒன்றும் தெரியாது. ஆனால் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு இப்போது லாரி கேட்கிறது, சில்வண்டு கேட்பதில்லை. நாம் பேசுவது கேட்கிறது. என்ன சொல்கிறோம் என்பது தெளிவதில்லை.

பேரிரைச்சலில் முதலில் பழுதாவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைக் கேட்கும் திறன். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருப்பதும், காதடைப்பான் அணியச் சொல்வதும் இதனால்தான். பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டர் தூரம் அமைதி மண்டலம்; அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் விதிகள்.

தம்புராவின் உயிர், தந்தியை மீட்டிய பின் மேலெழும் அந்த மெல்லிய ரீங்காரம். வீட்டில் நான் சாதகம் செய்யும்போது பெரியப்பா அருகில் வந்து அமர்வார். "கம்பிய இழுக்கிற சத்தம் மட்டுந்தாம்மா கேக்குது" என்பார்.