பார்வைப் பறவை

'பார்வை' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கண்தான் நினைவுக்கு வருகிறது. சங்கப் புலவர்களிடத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வழங்கியது. வேடர்கள் ஒரு மானையோ பறவையையோ பழக்கிக் கட்டிவைப்பர். அதைக் கண்டு நெருங்கும் அதன் இனத்தைப் பிடிப்பர். அவ்வாறு கட்டப்பட்ட உயிருக்குத்தான் பார்வை என்று பெயர். அதைக் கொண்டு வேட்டையாடுபவன் பார்வை வேட்டுவன். அவனுடைய வலைக்கு அஞ்சிக் கூவும் பறவை ஒன்றை நற்றிணையிலே காணலாம்.

வீரை வெளியனாரின் புறநானூற்றுப் பாட்டு (320) இதைவிட நெருக்கமானது. வேடன் முற்றத்து நிழலில் அயர்ந்து தூங்குகிறான். பார்வையாகக் கட்டிய பெண்மானோடு காட்டிலிருந்து வந்த ஆண்மான் கூடி விளையாடுகிறது. மனைவி இதைக் காண்கிறாள். சத்தமிட்டால் கணவன் எழுந்துவிடுவான், ஆண்மானும் பிரிந்துவிடும். அவள் அசையவில்லை. காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. வேட்டையால் உண்ணும் வீடு என்பதை மறந்துவிடக் கூடாது; அன்றைய இறைச்சியையும் தினையையும் சேர்த்தே அவள் விட்டுக்கொடுக்கிறாள்.

நம் பார்வைகள் உயிருள்ளவை. ஆகவே சேகரித்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை. வட அமெரிக்காவிலோ மரத்தில் செதுக்கினார்கள். தன்னாமுனைக் கரையில் நின்று, மாரியில் வாவிக்கு வரும் தாராக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தந்திரம் சொல்லாமலே விளங்கும். தன் இனம் நீரில் அமைதியாக மிதந்தால் அங்கே ஆபத்தில்லை என்று மேலே பறக்கும் கூட்டம் நம்பி இறங்கும். மரத் தாராவின் அடியில் ஈயம் பதித்து, கயிற்றிலே கல்லோ இரும்போ கட்டி மிதக்கவிட்டு, வேட்டைக்காரன் நாணலுக்குள் துவக்கோடு பதுங்கியிருப்பான். சந்தைக்காகச் சுட்டே பறவைகள் அருகின. 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. உயிர்த் தாராவைக் கட்டி ஏமாற்றுவது 1935இல் தடைசெய்யப்பட்டது.

அதன்பின் கருவி கலைப்பொருளாயிற்று. ஜோயல் பார்பர் என்ற கட்டடக் கலைஞர் இவற்றைத் தேடிச் சேகரித்து 1934இல் நூலே எழுதினார். மாசசூசெற்சைச் சேர்ந்த எல்மர் குரோவெல் (1862–1952) செதுக்கிய இரண்டு பறவைகள் 2007இல் ஒவ்வொன்றும் பத்து லட்சம் டொலருக்கு மேல் விலைபோயின. சேகரிப்போர் முதலில் பார்ப்பது பழைய வண்ணத்தைத்தான். அழகுக்காக மறுபடி பூசினால் விலை விழுந்துவிடும். ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. மரத்தில் புதைந்த ஈயக் குண்டுகளை மட்டும் யாரும் குறையாக எண்ணுவதில்லை. உண்மையில் வேட்டைக்குப் போன தாரா என்பதற்கு அதுவே சாட்சியாம்!

எனக்கு இந்த விலைகளைவிட நெவாடாவின் லவ்லொக் குகையே பெரிதாகப்படுகிறது. 1924இல் அங்கே ஒரு குழிக்குள் பதினொரு தாராக்கள் அகப்பட்டன. கோரையால் முடைந்து, வண்ணந்தீட்டி, உண்மையான இறகுகளைச் செருகியவை. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை, அதாவது நம் சங்கப் புலவர்களின் காலம். செய்தவர்கள் அடுத்த பருவத்துக்கென்று பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலவற்றுக்கு இறகு செருகும் வேலை இன்னும் முடியவில்லை.