நமக்காகக் காத்திருக்கும் விளையாட்டுகள்

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கின்றனர். ஆண்டுக் கணக்கில் அது 600 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஃபிஸ்டுலா உள்ள கையை மடக்க இயலாது. உறக்கம் எப்போதும் வருவதில்லை. தொலைக்காட்சியில் ஓடுவதோ வேறு யாரோ தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி. அந்த மணி நேரங்களை எவ்வாறு கழிப்பது என்பது சிறிய கேள்வி அன்று.

"டாக்டர், செல்போனில் கேம் விளையாடலாமா?" என்று இளைஞர்கள் வெளிப்படையாகக் கேட்கின்றனர். அறுபதைக் கடந்தவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர். உடன் வந்திருப்பவர்களோ, "எந்நேரமும் அதிலேயே இருக்கிறார், நீங்களாவது சொல்லுங்கள்" என்கின்றனர். சிறுநீரக மருத்துவர் என்ற முறையிலும், பள்ளிப் பருவம் முதல் கணினி விளையாட்டுகளை ஆடிவருபவர் என்ற முறையிலும் என் விடை இதுதான்: தாராளமாக ஆடலாம். ஆனால் எந்த ஆட்டம் என்பதைத் தேர்ந்து கொள்ள வேண்டும்.

அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது, அந்த ஆட்டம் உங்களுக்காகக் காத்திருக்குமா? காத்திருக்கும் என்றால் அது மருத்துவமனைப் படுக்கைக்கு ஏற்ற ஆட்டம்.

முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகள்

சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருக்கிறார். கணினியிலும் அப்படிப்பட்ட வியூக விளையாட்டுகள் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது, சிட் மெயர் வடிவமைப்பில் 1991-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்'. கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியேற்றக் கூட்டத்துடன் ஆட்டம் தொடங்குகிறது. நகரை எங்கே அமைப்பது, முதலில் களஞ்சியம் கட்டுவதா மதில் எழுப்புவதா, அண்டை நாட்டுடன் உடன்படிக்கையா போரா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் உங்கள் முறையை முடித்த பிறகே கணினி ஆளும் அரசர்கள் தங்கள் முறையை ஆடுவர். இடையில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் எவரும் படையெடுத்து வரமாட்டார்.

இத்தொடரின் ஆறாம் பதிப்பு ஐபேடிலும் கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்க விரும்பாதவர்கள், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1990-களின் நடுவில் தொடங்கிய 'ஃப்ரீசிவ்' என்ற இலவச விளையாட்டை மடிக்கணினியில் ஆடலாம். அதுவும் இதே வழியில் அமைந்ததே.

வியூக விளையாட்டுகளில் மற்றொரு வகை, எல்லாத் தரப்பும் ஒரே நேரத்தில் இயங்குவது. 1997-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' அதற்கு எடுத்துக்காட்டு. கல்லூரி விடுமுறை இரவுகள் பலவற்றை அதற்குக் கொடுத்திருக்கிறேன். இன்றும் அதை விரும்புகிறேன். ஆயினும் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. அதில் வெற்றி பாதி சிந்தனையாலும் பாதி விரல் வேகத்தாலும் கிடைப்பது. ஒரு கை விசைப்பலகையிலும் மறு கை மவுஸிலும் இருக்க வேண்டும். தனியாக ஆடுவோர் நிறுத்திவைக்கலாம்; இணையத்தில் பிறருடன் ஆடுவோருக்கு அது எளிதன்று. டயாலிசிஸ் நோயாளிக்கோ ஒரு கைதான் விடுதலையாக இருக்கிறது. ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் குறைவாகப் பயன்படும் கையிலேயே அமைக்கிறோம் என்பதால், முறை வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு மற்றக் கை போதும்.

இவ்வகை ஆட்டங்களில் நான் காணும் பயன் பொழுதுபோக்கு மட்டுமன்று. மருத்துவமனையில் பெரும்பாலான முடிவுகளைப் பிறர் எடுக்கின்றனர். எத்தனை மணிக்கு வருவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது, எந்தப் பழத்தைத் தவிர்ப்பது என அனைத்தையும் நாங்கள் சொல்கிறோம். நோயாளி கேட்டுக்கொள்கிறார். ஆட்டத்தில் அவரே எண்ணுகிறார், முடிவெடுக்கிறார், அதன் விளைவையும் காண்கிறார். நாள்பட்ட நோயில் மனிதர் முதலில் இழப்பது பல நேரங்களில் இந்த முடிவெடுக்கும் பழக்கத்தைத்தான். அதைச் சிறிதளவேனும் காத்துக்கொள்வது நல்லது.

இவற்றுக்கு ஒரு குறையும் உண்டு. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று எண்ணியே நள்ளிரவைத் தாண்டிவிடுவோம். இயற்கையான முடிவுப்புள்ளி எதுவும் அவற்றில் இல்லை. டயாலிசிஸ் அறையில் இயந்திரம் நம்மை நிறுத்திவிடும். வீட்டில் அலாரம் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

புதிர்-சாகச விளையாட்டுகள்

ஒரு கதைக்குள் நுழைந்து, பொருள்களைத் தேடி, புதிர்களை விடுவித்து முன்னேறுவது இவ்வகை. தொடக்க காலத்தில் இவை இரக்கமற்றவை. 1984-இல் ரோபர்ட்டா வில்லியம்ஸ் படைத்த 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில் கால் தவறி அகழியில் விழுந்தால் முதலைக்கு இரையாக வேண்டியதுதான். இந்தப் போக்கைக் கண்டித்து 1989-இல் கட்டுரை எழுதிய ரான் கில்பர்ட், அடுத்த ஆண்டே 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அதில் கதாநாயகன் ஏறக்குறைய சாவதே இல்லை. அவனால் பத்து நிமிடம் மூச்சை அடக்க முடியும். நீருக்கடியில் அகப்பட்டிருக்கும்போது அந்தப் பத்து நிமிடமும் நாம் எதுவும் செய்யாதிருந்தால்தான் இறப்பான். அதுவும் ஒரு நகைச்சுவையே.

1993-இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் படைத்த 'மிஸ்ட்' இன்னும் அமைதியானது. ஆளில்லாத ஒரு தீவில் நாம் நடக்கிறோம். துரத்துவோர் இல்லை, கடிகாரம் இல்லை. கண்டவற்றையும் கேட்டவற்றையும் குறித்துக்கொள்வதற்காக விளையாட்டின் பெட்டியிலேயே வெற்று நோட்டு ஒன்றையும் வைத்து விற்றனர். இன்றும் அதை ஆடுவோருக்கு என் அறிவுரை, காகிதமும் பென்சிலும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. இடையில் சிகிச்சை குறுக்கிட்டாலும் விட்ட இடம் நினைவுக்கு வரும்.

இவ்வகையில் நம் நோயாளிகளுக்கு நான் முதலில் சொல்வது 'மெஷினேரியம்'. செக் நாட்டின் அமானிட்டா டிசைன் குழு 2009-இல் வெளியிட்டது. குப்பைமேட்டில் எறியப்பட்ட சிறு ரோபோ ஒன்று தன் நகரத்துக்குத் திரும்பும் கதை. உரையாடல்கள் சொற்களால் அமையவில்லை; பாத்திரங்களின் எண்ணங்கள் தலைக்கு மேல் படங்களாகத் தோன்றுகின்றன. ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பள்ளி செல்லும் பேரனும் ஒன்றாக அமர்ந்து ஆடலாம். சிக்கிக்கொண்டால் குறிப்பு தரும் வசதியும் உண்டு. கைப்பேசியிலும் கிடைக்கிறது.

பழைய, சிறிய ஆட்டங்கள்

நீண்ட ஆட்டத்துக்கு உடல் இடம் தராத நாள்கள் உண்டு. அந்நாள்களுக்குப் பழைய சிறு ஆட்டங்கள் போதும். விண்டோஸ் கணினிகளுடன் வந்த 'ஃப்ரீசெல்' சீட்டாட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. 52 சீட்டுகளும் தொடக்கத்திலேயே முகம் காட்டிக் கிடக்கும். மறைவு எதுவும் இல்லை. அதன் பழைய பதிப்பில் எண்ணிடப்பட்ட 32,000 ஆட்டங்கள் இருந்தன. அவற்றுள் 11,982 என்ற எண்ணுள்ள ஒன்றைத் தவிர மற்ற அனைத்துக்கும் தீர்வு கண்டுவிட்டனர். எனவே தோற்றால் அதே எண்ணை மீண்டும் எடுத்து, எங்கே பிசகியது என்று பார்க்கலாம்.

'மைன்ஸ்வீப்பர்' அப்படியன்று. எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும், சில கட்டங்களில் இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட வேண்டியிருக்கும். வெடித்தால் அது ஆடியவரின் பிழை அன்று.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. "நான் எங்கே தவறினேன்?" என்று கேட்காத நோயாளியைக் காண்பது அரிது. சில நோய்களில் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள இடமுண்டு. பல நோய்களில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் அந்தக் கட்டம் வெடித்துவிடுகிறது. அத்தகைய நோயில், செய்யாத தவறுக்காகத் தம்மை நொந்துகொள்வதில் எவருக்கும் பயனில்லை.

'டெட்ரிஸ்' பற்றியும் பலர் கேட்கின்றனர். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது அது. அது காத்திருப்பதில்லை, போகப் போக வேகம் கூடும், இறுதியில் நாம்தான் தோற்போம். ஆனால் ஓர் ஆட்டம் சில நிமிடங்களே என்பதால் பாதியில் விட்டாலும் இழப்பில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆய்வு நடந்தது. வாகன விபத்துக்குள்ளாகி 6 மணி நேரத்துக்குள் இருந்தவர்களை, நிகழ்ந்ததைச் சுருக்கமாக நினைவுகூரச் செய்து, பின்னர் டெட்ரிஸ் ஆடவைத்தனர். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு விபத்துக் காட்சிகள் தாமாக மனத்தில் எழுவது, ஆடாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. இது சிறிய ஆய்வு. மனநல சிகிச்சைக்கு மாற்றாகாது. எனினும் வடிவங்களைப் பொருத்தும் வேலை, மனத்தின் காட்சி நினைவோடு போட்டியிடுகிறது என்பதை அது உணர்த்துகிறது.

எந்த ஆட்டத்தைத் தவிர்ப்பது?

இலவசம் என்று இறக்கிக்கொள்ளும் கைப்பேசி விளையாட்டுகள் பல நமக்காகக் காத்திருப்பதில்லை. நம்மைக் காத்திருக்க வைக்கின்றன. 'உயிர்' தீர்ந்துவிட்டது, அரை மணி நேரம் பொறுங்கள், அல்லது பணம் கட்டுங்கள் என்கின்றன. நாம் மூடிவைத்த பின்னும் மணியடித்து அழைக்கின்றன. சிகிச்சைச் செலவில் தவிக்கும் குடும்பத்தின் கைப்பேசியில் இவை இருப்பது நல்லதன்று. வேண்டுமெனில், பணம் செலுத்தக் கடவுச்சொல் கேட்கும்படி முதலில் அமைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு எப்போது நோயாகிறது என்ற ஐயமும் பலருக்கு உண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கே முதலிடம், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவை, வழக்கமாக 12 மாத அளவில், வாழ்வைக் கடுமையாகப் பாதித்தால்தான் அது நோய். படுக்கையில் கிடக்கும் நாள்களில் ஒருவர் அதிகமாக ஆடுவதை மட்டும் வைத்து அப்படி முத்திரை குத்த வேண்டாம். உணவு, மருந்து, உறக்கம், பேச்சு ஆகியவை குறைகின்றனவா என்று பாருங்கள். குறைந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

ஆடும்போது கவனிக்க வேண்டியவை

• டயாலிசிஸ் நடக்கும்போது கொட்டாவி, வியர்வை, தலைசுற்றல், கண் மங்குதல், தசைப்பிடிப்பு ஏற்பட்டால் இரத்த அழுத்தம் குறைவதன் அறிகுறியாக இருக்கலாம். ஆட்டத்தில் மூழ்கியவர் இவற்றைக் கவனிக்காமல் விடக்கூடும். உடனே செவிலியரை அழையுங்கள். இந்தக் கட்டம் முடியட்டும் என்று பொறுக்க வேண்டாம்.

• ஊசி உள்ள இடத்தைப் போர்வையோ டேப்லெட்டோ மறைக்கக் கூடாது. ஊசி நழுவினால் எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கையின் மேல் எதையும் சாய்த்து வைக்காதீர்கள்.

• வலிப்பு நோய் உள்ளவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தலையில் அடிபட்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே திரையில் ஆட வேண்டும்.

• ஹெட்ஃபோனின் ஒலியைக் குறைவாக வையுங்கள். செவிலியர் அழைப்பதும் இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியும் காதில் விழ வேண்டும்.

• ஒரே கருவியைப் பல படுக்கைகளுக்குக் கைமாற்ற வேண்டாம். தேவைப்பட்டால் துடைத்துச் சுத்தம் செய்த பின் கொடுங்கள்.

• உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

உடனிருப்போருக்கு

நோயாளியின் அருகில் அமர்ந்து, உடல்நிலையைத் தவிரப் பேச எதுவும் இல்லாமல் போவது உடனிருப்போர் பலரின் துன்பம். ஒரு புதிர் விளையாட்டு அந்த மௌனத்தைப் போக்கும். கருவி நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். விடை உங்களுக்கு முன்பே தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள், "அந்தக் கதவைப் பார்த்தீர்களா?" என்ற அளவில் நில்லுங்கள். அவர் களைத்துவிட்டால் மூடிவைத்து, அடுத்த முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதுவரை என்ன செய்திருக்கலாம் என்று பேசிக்கொள்ளவும் ஒரு பொருள் கிடைக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஃப்ரீசெல்லில் தொடங்கலாம். அது பழகிய பின் மெஷினேரியம். பொறுமையும் ஆர்வமும் இருந்தால் சிவிலைசேஷன். எதைத் தேர்ந்தாலும் முதல் நாளே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: செவிலியர் அழைத்ததும் ஆட்டத்தை நடுவில் வைத்துவிட்டு மனக்கலக்கமின்றி நிமிர்ந்து பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால், வேறோர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.