சோலார் பம்புசெட்: எச்.பி. மட்டும் பார்த்தால் போதுமா?

சோலார் பம்புசெட் போட நினைக்கும் விவசாயிகள் முதலில் கேட்பது, ‘எத்தனை எச்.பி. போடலாம்?’ என்பதுதான். அதற்கு முன் நேபாளம், பூடான் ஆகிய இரு நாடுகளின் மின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆலங்குடி போர்வெல்லுக்கும் இமயமலைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

நேபாளம் 1911-லேயே 500 கிலோவாட் நீர்மின் நிலையம் கண்ட நாடு. பூடான் வெகுகாலம் கழித்தே தொடங்கியது. ஆனால், இந்திய உதவியுடன் 1980-களில் சுக்கா (336 மெகாவாட்), 2006-07-ல் தாலா (1,020), 2019-ல் மாங்தேச்சு (720) என வரிசையாக அமைத்தது. 2019-ல் அதன் நிறுவுதிறன் 2,300 மெகாவாட்டைத் தாண்டியது. மக்கள்தொகையோ 8 லட்சத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 3 கோடிப் பேர் வாழும் நேபாளத்திடம் அப்போது இருந்தது அதில் பாதி அளவே. அதன்பின் நேபாளம் வேகம் பிடித்தது. 2021-ல் 456 மெகாவாட் அப்பர் தாமாகோசி வந்தது, 2024-ல் மொத்தம் 3,000 மெகாவாட்டைக் கடந்தது.

ஆனாலும், மழைக்காலத்தில் இந்தியாவுக்கு மின்சாரம் விற்கும் இந்த இரு நாடுகளும் குளிர்காலத்தில் நம்மிடமே வாங்குகின்றன. பெரும்பாலானவை ஓடும் ஆற்றுநீரை அப்படியே திருப்பிவிட்டு இயங்கும் நிலையங்கள். கண்மாய் இல்லாத வாய்க்கால் பாசனம் மாதிரி. ஆறு இளைத்தால் உற்பத்தியும் இளைக்கும். பலகையில் எழுதிய மெகாவாட் மட்டும் மாறாது. 2008-09 குளிர்காலத்தில் நேபாளத்தில் நாளுக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது.

உங்கள் மோட்டார் தகட்டில் உள்ள எச்.பி.யும் அந்தப் பலகை மெகாவாட் போன்றதுதான். நமக்குத் தேவை யூனிட். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 முதல் 5 யூனிட் தரும். 5 எச்.பி. பம்புக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல் என்றால் 20 யூனிட்டுக்குக் குறையாது. தண்ணீர் 100 அடியில் இருந்தால் இதைக்கொண்டு சுமார் 1 லட்சம் லிட்டர் இறைக்கலாம். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலப் பாய்ச்சல். 400 அடியில் இருந்தால் அதில் கால் பங்குதான். அதே ஏக்கருக்கு நான்கு நாள் ஓட்ட வேண்டும்! பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து எச்.பி. முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கார்த்திகை மேகமூட்டத்தில் உற்பத்தி வெகுவாகக் குறையும். நல்லவேளை, அப்போது நமக்கு மழையும் இருக்கும். இந்த விஷயத்தில் நம் நிலை இமயமலை நாடுகளைவிட மேல். மார்கழிப் பட்ட நிலக்கடலைக்குத் தண்ணீர் தேவைப்படும் தை, மாசியில் வெயில் கைகொடுக்கும். பகலில் இறைத்ததைத் தேக்க ஒரு தரைமட்டத் தொட்டி கட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியைவிடச் செலவு குறைவு.

மே மாதத்தில், மோட்டார் ஓடும்போது போர்வெல் நீர்மட்டம் எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று அளந்துகொண்டு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அந்த ஆழத்தில் ஏப்ரலில் நாளுக்கு எத்தனை லிட்டர், நவம்பரில் எத்தனை லிட்டர் வரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு விண்ணப்பத்தில் எச்.பி.யை நிரப்பலாம்.