வாரம் ஒரு நாள் மாத்திரை

நல்லூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவர்களுக்குக் கைதான் பிழைப்பு. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கினால், அதை வேலை அலுப்பு என்று தைலம் தேய்த்துத் தள்ளிப்போடக் கூடாது. முடக்குவாதமாக இருக்கலாம். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு செல்களே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இதற்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்சேட்.

‘எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து’ என்று கேள்விப்பட்டதும் பயந்து, பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் குறைவது எது?

நம் உடலில் கோடிக்கணக்கான பி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனி வடிவத்தில் ஓர் ஆன்டிபாடியைச் சாம்பிளாக வைத்திருக்கும். கிருமியோ தடுப்பூசியோ உள்ளே வந்தால், எந்தச் சாம்பிள் அதற்குப் பொருந்துகிறதோ அந்த செல்லுக்குத்தான் ஆர்டர். டி செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல் ஓகே சொன்னதும் அந்த பி செல் நிணநீர்க் கணுக்களில் மளமளவென்று பெருகும். பெருகியவற்றில் சில, ஆன்டிபாடியை உற்பத்தி செய்து தள்ளும் பிளாஸ்மா செல்களாகின்றன.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட்டைப் போலவே உருவம் கொண்டது. ஃபோலேட்டைப் பயன்படுத்தும் நொதியில் போய் ஒட்டி அதை முடக்குகிறது. நூல் வராவிட்டால் ஆர்டர் தேங்குவதுபோல செல் பெருக்கம் மந்தமாகிறது. முடக்குவாதத்துக்குத் தரும் சிறிய அளவில், அடினோசின் என்ற பொருளைக் கூட்டி வீக்கத்தையும் தணிக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபாடிகளை அது அழிப்பதில்லை. புதிதாகப் போடும் ஊசிக்குக் கிடைக்கும் பலன்தான் குறையக்கூடும்.

இதற்கு ஒரு வழியைக் கொச்சி மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கோவிஷீல்டு போட்டுக்கொண்ட மூட்டுவாத நோயாளிகளில் ஒரு பிரிவினர், ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினார்கள். ஆன்டிபாடி கூடியது, மூட்டுவலியும் கூடவே திரும்பியது. இரண்டாவது ஊசிக்குப் பின் மட்டும் நிறுத்தியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு ஆன்டிபாடி கிடைத்தது, வலி குறைவாகவே தலைதூக்கியது. 2022இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எத்தனை நாள் நிறுத்துகிறோம் என்பதைவிட எப்போது நிறுத்துகிறோம் என்பதே பெரிது. ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முடக்குவாதத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான ரிடுக்ஸிமாபின் கதை வேறு. அது பி செல்களையே அழித்துவிடும். பிளாஸ்மா செல்களில் அதன் குறி இல்லாததால் பழைய ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தொடரும். புதிய ஊசிக்கோ மாதக்கணக்கில் பலன் மிகக் குறைவு. எனவே தேவையான தடுப்பூசிகளை அதைத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ். 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு, ஃபோலிக் ஆசிட்டையும் அதை எதிர்க்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அந்த எதிர்ப்பு மருந்துகள் முதலில் ரத்தப் புற்றுநோய்க்கே பயன்பட்டன.

முடக்குவாதத்துக்கு இம்மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ரத்த செல்களை உருவாக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகும். சனிக்கிழமை சம்பள நாள் என்றால் அந்த நாளையே மாத்திரை நாளாக டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். சீட்டில் கிழமையைப் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.