எத்தனை பல் இருந்தால் நல்ல பிளேடு?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் கணித ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எட்டாம் வகுப்பில் வட்டக்கோணப் பகுதி பாடம் நடத்த மர மாதிரிகள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆறு அங்குலத் தடிமனில் ஒரு வேப்பங்கட்டை கிடைத்தது. அதைப் பலகைகளாக அறுத்து, 4 அங்குல விட்டத்தில் வட்டங்கள் வெட்டி வாங்க, அருகிலிருந்த மரம் அறுக்கும் மில்லுக்குச் சென்றேன்.

அங்கே இரண்டு சக்கரங்களில் பட்டை போல ஓடும் பேண்ட்சா இயந்திரம் இருந்தது. சுவரில் பல அளவுகளில் பிளேடுகள் மாட்டியிருந்தன. "அண்ணே, பல் நெருக்கமா இருக்கே, அதைப் போடுங்க. நைசா அறுக்கும்" என்றேன். மேஸ்திரி தயங்கினார். ஆசிரியர் சொல்கிறாரே என்று மாட்டினார். கட்டை கால்வாசி அறுபடுவதற்குள் புகை வந்தது. அறுபட்ட முகம் கருகியிருந்தது. பலகை ஒரு முனையில் அரை அங்குலமும் மறுமுனையில் கால் அங்குலமுமாக வந்தது.

"சார், நல்ல பிளேடுன்னு தனியா ஒண்ணு கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு கனம், நேரா வளைவான்னு சொல்லுங்க. அப்புறம் பிளேடை எடுக்கலாம்" என்றார் அவர். அந்த மூன்று கேள்விகளும் விகிதமும் வடிவியலும்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகு புரிந்தது.

முதல் கேள்வி: எவ்வளவு கனம்?

பிளேடை அங்குலத்திற்கு எத்தனை பல் என்று கணக்கிடுவார்கள். ஒவ்வொரு பல்லும் மரத்தைச் சுரண்டி எடுக்கிறது. அந்தத் தூள், பல் மரத்தை விட்டு வெளியே வரும்வரை பற்களுக்கிடையே உள்ள குழியில் தங்க வேண்டும். பல் நெருக்கமாக இருந்தால் குழி சிறியது. தடித்த கட்டையில் பாதி வழியிலேயே குழி நிரம்பிவிடும். பிறகு பல் அறுப்பதில்லை, உராய்கிறது. அதனால்தான் என் கட்டை கருகியது, பிளேடும் ஒதுங்கிக் கோணலாக ஓடியது.

பல் மிகக் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான். மெல்லிய தகட்டில் ஒரு பல் மட்டும் மாட்டினால் அது மரத்தைப் பிய்த்துவிடும். எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும், ஆறு முதல் பன்னிரண்டு வரை இருந்தால் நல்லது என்பதும் தொழிலில் உள்ள பொது விதி.

மாணவர்களிடம் இதை ஒரு பெருக்கல் கணக்காகக் கொடுத்தேன். அரை அங்குலப் பலகைக்கு அங்குலத்திற்கு 14 பல் உள்ள பிளேடு என்றால் மரத்துக்குள் 7 பற்கள். சரி. அதே பிளேடை என் 6 அங்குலக் கட்டைக்குப் போட்டால் 84 பற்கள்! அங்குலத்திற்கு 2 பல் என்றால் 12. மில்லில் பெருங்கட்டை அறுக்கும் அகலமான பிளேடில் நான் அளந்தபோது, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஒன்றரை அங்குலம் இருந்தது. ஓர் அடி கனமுள்ள கட்டைக்குள் அதில் 8 பற்கள் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: நேரா, வளைவா?

அகலமான பிளேடு நேராக ஓடும், வளையாது. குறுகிய பிளேடு வளையும், ஆனால் நேர்க்கோட்டில் எளிதில் விலகும். கால் அங்குல அகலப் பிளேடு ஏறத்தாழ 5/8 அங்குல ஆரம் வரை திரும்பும். 3/8 அங்குலப் பிளேடுக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலமும், அரை அங்குலப் பிளேடுக்கு இரண்டரை அங்குலமும் ஆரம் வேண்டும். எனக்குத் தேவையான வட்டத்தின் ஆரம் 2 அங்குலம். எனவே அரை அங்குலப் பிளேடு ஆகாது, 3/8 போதும். விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்ட மாணவர்கள் இங்கே தவறான பிளேடைத் தேர்ந்தெடுத்தார்கள். விட்டத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதன்பின் மீண்டும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதன் காரணத்தைக் காகிதத்திலேயே காட்டலாம். பிளேடின் பற்கள் ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாகச் சற்றே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மில்லில் இதை 'செட்' என்கிறார்கள். அதனால் அறுபடும் தடம் பிளேடின் கனத்தைவிடச் சற்று அகலமாகிறது. பிளேடு திரும்புவது அந்த இடைவெளியில்தான். 8 செ.மீ., 9 செ.மீ. ஆரங்களில் ஒரே மையத்தில் இரண்டு வட்டவில்கள் வரையச் சொன்னேன். இடையே உள்ள தடத்தில் 4 செ.மீ. குச்சி கோட்டைத் தாண்டாமல் நகர்கிறது. 10 செ.மீ. குச்சியால் முடியவில்லை. எந்த நீளம் வரை நகரும்? பத்தாம் வகுப்பு மாணவர்கள் பிதாகரஸ் தேற்றத்தால் கண்டுபிடித்தார்கள்: 81 − 64 = 17. பாதி நீளம் √17, முழு நீளம் ஏறத்தாழ 8.2 செ.மீ.

மூன்றாவது கேள்வி: என்ன மரம்?

ஈரமுள்ள பச்சை மரத்தின் தூள் நார் நாராக வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பெரிய குழியும் கூடுதல் செட்டும் தேவை. நன்கு உலர்ந்த கடின மரத்துக்குச் செட் குறைவாக இருந்தால் அறுபட்ட முகம் வழுவழுப்பாக வரும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் விரைவில் மழுங்கும். முற்றிய தென்னையின் வெளிப்புறம் கடினமானது, உட்புறம் மென்மையானது. ஒரே மரத்தில் இரண்டு குணம். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணிகள் பிளேடையே அறுத்துவிடும். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

நீளமும் வேகமும்

பிளேடின் நீளத்தைக் கண்டுபிடிப்பது நல்ல அளவியல் கணக்கு. இரண்டு சமமான சக்கரங்களைச் சுற்றும் பட்டை என்பது இரண்டு அரைவட்டங்களும் இரண்டு நேர்க்கோடுகளும். சக்கர விட்டம் 35 செ.மீ., மையங்களுக்கு இடையே 63 செ.மீ. என்று கொள்வோம். அரைவட்டங்கள் சேர்ந்து 22/7 × 35 = 110. நேர்க்கோடுகள் 126. மொத்தம் 236 செ.மீ. அந்தச் சக்கரம் நிமிடத்திற்கு 820 முறை சுற்றினால் பிளேடு நிமிடத்திற்கு 902 மீட்டர் ஓடும். மணிக்கு ஏறத்தாழ 54 கி.மீ. "நம்ம ஊர் பஸ் வேகம் சார்!" என்றான் ஒருவன். அந்த வேகத்தில் ஓடும் பல்லின் அருகே விரல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பட்டையின் இரு முனைகளையும் இணைப்பதே ஒரு காலத்தில் பெரும் சவாலாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், இணைப்பு விட்டுப்போனதால் இயந்திரம் பயன்படவில்லை. 1846-இல் அதற்குத் தீர்வு கண்டவர் ஆன் பாலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சுப் பெண். பெண் குழந்தைகள் இந்தப் பெயரைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு வேண்டுகோள்

இந்தப் பாடத்துக்காக மாணவர்களை மில்லுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். நானும் அழைத்துச் செல்லவில்லை. சுருட்டிய பிளேடு அவிழ்ந்தாலே கையைக் கிழித்துவிடும். எனவே பிளேடையும் வகுப்புக்குக் கொண்டு வரவில்லை. பற்களைக் காகிதத்தில் அச்சு எடுத்துக் கொண்டு வந்தேன். மாணவர்கள் அளவுகோலால் எண்ணினார்கள். "லீவுல அப்பாகூடப் போய் மிஷின் அடியில தூள் அள்ளுவேன் சார்" என்று ஒரு மாணவன் அப்போது சொன்னான். அன்று மாலையே அவன் தந்தையைச் சந்தித்துப் பேசினேன். இப்போது அவன் போவதில்லை. ஆனால் எந்தக் கட்டைக்கு எந்தப் பிளேடு என்று தந்தையிடம் கேட்டு, அட்டவணை எழுதி வருகிறான். வகுப்பில் அதுவே எங்கள் பயிற்சித் தாள்.

எங்கள் ஊர் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையைப் பற்றிக் கூறும் அது, அங்கு வைத்திருந்த மருந்துகளையும் பெயர் பெயராகப் பட்டியலிடுகிறது. "நல்ல மருந்து ஒன்றே ஒன்று போதாதா?" என்று வகுப்பில் கேட்டேன். "எந்த நோய்க்கு சார்?" என்று திருப்பிக் கேட்டார்கள். மில்லில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.