டிக்கெட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

கேளிக்கைப் பூங்கா என்றதும் சிறுபத்திரிகைப் பக்கங்களில் உடனே போத்ரியார் வந்து நின்றுவிடுவார். டிஸ்னிலாந்து தன்னைக் கற்பனை என்று அறிவித்துக்கொள்வதன் மூலம் தனக்கு வெளியே இருக்கும் அமெரிக்காவை நிஜம் என்று நம்பவைக்கிறது என்பது 1981இல் அவர் வைத்த வாதம். அவருக்கு முன்பே, 1973இல், லூயி மரேன் அதைச் சீரழிந்த உட்டோப்பியாவாக வாசித்திருந்தார். இரண்டுமே சரிதான். ஆனால் திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு, கோடை லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கணக்குப் போடுகிறவனுக்கு இவ்விருவரும் பாதி வழிக்குத்தான் துணை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ராட்டினம் புதிதல்ல. மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் கூட்டம் நிறைந்துவிடும். அங்கே ஏறுகிறவன் காசு கொடுக்கிறான். ஏறாதவன் வேடிக்கை பார்க்கிறான். இந்த 'வேடிக்கை பார்க்கிறவன்' முக்கியமானவன். காசில்லாமலேயே திருவிழாவுக்குள் இருக்க உரிமை உள்ளவன் அவன். கேளிக்கைப் பூங்கா முதலில் ஒழித்துக்கட்டியது இவனைத்தான். மதில் எழுப்பி, வாசலில் சீட்டு வைத்தாயிற்று. 1955இல் திறந்த டிஸ்னிலாந்திலேயே இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. நுழைவுக்கு ஒரு காசு, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு ஏ முதல் ஈ வரை தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் வந்தது. 1982இல் அதுவும் போய், நாள் முழுக்க ஒரே சீட்டு.

ஒரே சீட்டு என்பது தாராளம் போலத் தெரியும். உண்மையில் அது காலத்தை வேறு மாதிரிக் கட்டமைக்கிறது. ராட்டினத்துக்கு ராட்டினம் காசு கொடுக்கும்போது 'போதும்' என்று சொல்ல முடியும். மொத்தமாகக் கொடுத்துவிட்ட பிறகு, "குடுத்த காசுக்கு எல்லாத்துலயும் ஏறிரணும்" என்று அப்பனே மேஸ்திரி ஆகிவிடுகிறான். காலை முதல் சாயங்காலம் வரை ஒரு ஷிப்ட். வரிசையில் கரையும் நேரத்தையும் விட்டுவைக்கவில்லை. முந்திப்போக அதிக விலையில் இன்னொரு சீட்டு விற்கும் பூங்காக்களும் உண்டு. மரத்தடியில் சும்மா உட்காரப்போகும் பாட்டிக்கும் சீட்டு வாங்கியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இது பரவிய காலம் 1991க்குப் பிந்தைய தாராளமயக் காலம். 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன் சினிமாக்காரர். 1984இல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர். வால்ட் டிஸ்னியும் சினிமாவிலிருந்து பூங்காவுக்குப் போனவர்தான். மேட்டுப்பாளையம் பக்கம் பிளாக் தண்டர் இருக்கிறது. எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது திண்டுக்கல்–மதுரை சாலையில் பரவையில் உள்ள 'அதிசயம்'. பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சம்.

திட்டமிடல் என்பது அளவெடுப்பில் ஆரம்பிக்கிறது. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். அரைச் சீட்டா முழுச் சீட்டா என்பதையும், எதில் ஏறலாம் கூடாது என்பதையும் சுவரில் இழுத்த கோடு தீர்மானிக்கிறது. வீட்டிலேயே அளந்துவிடுவது நல்லது. வாசலில் அழுகை மிச்சம். அடுத்து சோறு. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்பது பரவலான விதி. "கட்டுச்சோறு இல்லாம என்னடா பயணம்?" என்றாள் என் அக்கா. புளிச்சோறும் துவையலும் வாசல் காவலாளியின் பார்வையில் கடத்தல் பொருள். பிறகு உடுப்பு. குளத்தில் இறங்க நைலான்தான் வேண்டும். பருத்தியின் நூல்பிசிறு வடிகட்டியை அடைக்கும் என்கிறார்கள். சுற்றிலும் பஞ்சாலைகள் உள்ள ஊரிலிருந்து போகிறவர்களிடம் சொல்லப்படும் விதி இது!

தண்ணீர் பற்றி ஒரு எளிய விமர்சனம் உண்டு. ஆத்தூர் காமராசர் அணை வற்றினால் குடத்தோடு நிற்கிற ஊர்க்காரர்கள், செயற்கை அலையில் போய்க் குதிக்கலாமா? கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் மணல் வடிகட்டியும் குளோரினும் வழியாகத் திரும்பத் திரும்பச் சுற்றுவது. எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, யாருடைய தண்ணீர் என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தார். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங் ஒரு கேளிக்கைப் பூங்காவைக் குறிப்பிடுகிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்கும் ஆறு வயது மகளிடம், கறுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல நேரும் தகப்பனின் நாக்குத் தடுமாற்றம் அது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமோ, கறுப்பர்களோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளங்களை மூடுவதே மேல் என்று மூடியது. 1971இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. பொதுக்குளம் போன இடத்தில் சீட்டுக்குளம் வருகிறது.

இந்தச் சமவெளியில் சேர்ந்து குளிக்கும் பொதுக்குளம் என்று ஒன்று எப்போது இருந்தது? நிலக்கோட்டைப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து, எங்கள் தெருவில் குடியிருக்கும் பஞ்சாலைத் தொழிலாளி அக்கா ஒருவர், தன் பிள்ளைகளையும் அழைத்துப்போக விரும்பினார். அவர் கேட்டது விலையை அல்ல. "உள்ள எறங்கையில எந்தத் தெருன்னு கேப்பாகளா தம்பி?"

"கேக்க மாட்டாகக்கா. சீட்டு இருந்தா போதும்."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகு, 'போலி', 'மீயதார்த்தம்' என்ற சொற்களை அவ்வளவு சுலபமாக என்னால் எடுக்க முடியவில்லை. யார் என்று கேட்காத தண்ணீர் அவருக்குப் போலி அல்ல. பணம் சாதியை ஒழித்துவிடும் என்ற தாராளவாதக் கதையை நான் இங்கே விற்கவில்லை. சீட்டு வாங்க முடியாதவன் அவன் ஊர்க் கிணற்றுக்கே திரும்ப வேண்டும். அந்தக் கிணற்றைப் பற்றிய போராட்டம் அப்படியே நிற்கிறது. நகராட்சி கட்டி, சீட்டில்லாமல் திறந்துவிடும் ஒரு நீச்சல்குளத்தை நாம் ஏன் ஒரு கோரிக்கையாகக்கூட வைத்ததில்லை?

அக்காவுடன் சேர்ந்து தேதி பார்த்தோம். ஆலையில் அவருக்கு வார விடுப்பு ஞாயிற்றுக்கிழமை. இம்மாதிரிப் பூங்காக்கள் பலவற்றில் சனி ஞாயிறு என்றால் சீட்டு விலை கூடுதல்.